இப்னு பதூதா

இப்னு பதூதா (பெப்ரவரி 1304 – 1368 அல்லது 1369) மொரோக்கோ நாட்டில் பிறந்த இசுலாமிய அறிஞரும் நீதிபதியும் பயணியும் ஆவார். இவரது முழுப்பெயர் அபூ அப்துல்லா முகம்மது இப்னு அப்துல்லா அல்-லவாத்தி அத்-தஞ்சி இப்னு பதூதா என்பதாகும். தமது 21 ஆவது வயதில் மக்கா நோக்கிப் புறப்பட்ட இவர், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வட ஆப்பிரிக்கா, அரேபியா, பாரசீகம், நடு ஆசியா, இந்தியா, இலங்கை, மாலத்தீவு, தென்கிழக்காசியா, சீனா, மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் பயணம் செய்தார். இவர் கடந்த தொலைவு சுமார் 117,000 கிலோமீட்டர் என மதிப்பிடப்படுகிறது. நீராவிக் கப்பலும் தொடர்வண்டியும் தோன்றுவதற்கு முன் இவ்வளவு தொலைவு சென்றதாகக் குறிப்பு விட்டுச் சென்றவர்கள் வேறு எவரும் இல்லை எனலாம்.

இவரது பயணத்தின் பெரும்பகுதி ஒட்டகம், குதிரை, மாட்டு வண்டி ஆகியவற்றின் மீதும் கால்நடையாகவும் நிகழ்ந்தது. கொள்ளையர், போர், கொள்ளைநோய் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற பல நாடுகளை இவர் கடந்தார். 1344–1345 காலப்பகுதியில் இவர் தமிழகத்துக்கும் வந்தார். மதுரை சுல்தானகம் பற்றி நேரில் கண்டு எழுதப்பட்ட விரிவான சான்று இவருடைய பயண நூலே ஆகும்.

பிறப்பும் இளமையும்

இப்னு பதூதா 1304 ஆம் ஆண்டு மொரோக்கோவின் வட முனையிலுள்ள தாஞ்சியர் நகரில் பிறந்தார். அப்போது அந்நகர் மரீனிய மரபினரின் ஆட்சியில் இருந்தது. இவரது குடும்பம் லவாத்தா என்னும் பெர்பர் இனக்குழுவைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் பலர் காஜிகளாக, அதாவது இசுலாமிய நீதிபதிகளாக, பணிபுரிந்தனர். இவரும் மாலிக்கி சட்டப் பிரிவில் கல்வி பெற்றார். இந்தச் சட்டக் கல்வியே பிற்காலத்தில் இவருக்குக் கடவுச்சீட்டாகப் பயன்பட்டது. இசுலாமிய ஆட்சி நடந்த இடமெங்கும் சட்டம் அறிந்தவர்களுக்குத் தேவை இருந்தது. அவர்களுக்கு உணவும் இடமும் ஊதியமும் கிடைத்தன.

முதற் பயணம்

1325 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் இவர் பெற்றோரைப் பிரிந்து தனியே புறப்பட்டார். தாஞ்சியரிலிருந்து மக்காவுக்குச் செல்லும் தரைவழி வட ஆப்பிரிக்கக் கரையோரமாக நீண்டு கிடந்தது. அரபு நாடோடிக் குழுக்களின் தாக்குதலுக்கு அஞ்சி அவ்வழியில் எவரும் தனித்துச் செல்வதில்லை. இவர் வழியில் வணிகக் கூட்டங்களுடன் சேர்ந்துகொண்டார். பிசாயா நகரில் கடும் காய்ச்சல் கண்டபோது, அங்கேயே தங்குமாறு பிறர் கூறியதை இவர் ஏற்கவில்லை. வலுவிழந்து குதிரையிலிருந்து விழுந்துவிடாதபடி தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்துடன் கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்.

துனிஸ் நகரை அடைந்தபோது, உடன் வந்தவர்களை வரவேற்க அவரவர் உறவினர் வந்திருந்தனர். தம்மை வரவேற்க ஒருவரும் இல்லாததைக் கண்டு இவர் அழுதார். அதே நகரிலிருந்து புறப்பட்ட புனிதப் பயணக் கூட்டத்துக்கு இவரே காஜியாக நியமிக்கப்பட்டார். சில மாதங்களுக்குள் ஒரு தனி இளைஞன் ஒரு கூட்டத்தின் நீதிபதியாக மாறியதை இது காட்டுகிறது.

1326 இல் அலெக்சாந்திரியா, கெய்ரோ ஆகிய நகரங்களை இவர் கண்டார். நைல் ஆற்றின் வழியே தெற்கே சென்று செங்கடலைக் கடக்க முயன்றார். ஆனால் அங்கு பேஜா மக்களுக்கும் மம்லூக் படைகளுக்கும் இடையே சண்டை நடந்ததால் திரும்பி வந்து, டமாஸ்கஸ் வழியாக மக்காவை அடைந்தார். அபாயமான வழி என்று தெரிந்ததும் பின்வாங்கி வேறு வழி தேடுவது இவருடைய பயணங்களில் பலமுறை காணப்படுகிறது. அதன் பின் ஈராக், பாரசீகம், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, அனத்தோலியா எனப் பயணம் விரிந்தது. மங்கோலியரின் தங்க நாடோடிக் கூட்டத்து ஆட்சியாளரான உசுபெக் கானின் நகரும் பாளையத்தில் தங்கினார். கானின் மனைவியான பைசாந்திய இளவரசி தம் தாய்வீடு சென்றபோது, அவருடன் கான்ஸ்டண்டினோபிள் நகருக்கும் சென்று வந்தார்.

தரைவழிப் பயண முறை

இப்னு பதூதா அஞ்சாத வீரராகத் தம்மைச் சித்திரிக்கவில்லை. இவர் உயிர் தப்பியதற்கு அக்காலப் பயண ஒழுங்குகளே பெரிதும் காரணமாக இருந்தன. அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு.

பயணக் கூட்டம்: பாலைவனத்தையும் கொள்ளையர் வழிகளையும் வணிகரும் புனிதப் பயணியரும் கூட்டமாகவே கடந்தனர். கூட்டத்துக்குத் தலைவர், காவலர், வழிகாட்டி ஆகியோர் இருந்தனர்.

தங்கும் மடங்கள்: சாவியா எனப்படும் சூஃபி மடங்கள் பயணிகளுக்கு உணவும் உறையுளும் அளித்தன. அனத்தோலியாவில் அகி என்ற கைவினைஞர் சகோதரத்துவ அமைப்பினர் பயணிகளை விருந்தினராக ஏற்றனர். ஓர் ஊரில் இரு குழுவினர் இவரைத் தங்கள் விருந்தினராக்க முயன்று தமக்குள் கத்தியை உருவும் நிலைக்குச் சென்றனர். மொழி புரியாத இவர் அவர்களைக் கொள்ளையர் என்றே முதலில் எண்ணினார்.

அரசர் ஆதரவு: புதிய ஊரில் இவர் முதலில் ஆளுநரையோ காஜியையோ காண்பார். அவர் தரும் உடை, குதிரை, பொருள் ஆகியவை அடுத்த ஊர் வரை உதவும்.

வழிகாட்டி: வழியறிந்த உள்ளூர்க்காரரை அமர்த்துவதில் இவர் செலவைப் பொருட்படுத்தவில்லை.

இந்துகுஷ் மலையும் இந்திய வருகையும்

நடு ஆசியாவில் புகாரா, சமர்கண்ட், பால்க் ஆகிய நகரங்களின் வழியே இவர் வந்தார். செங்கிஸ் கானின் படையெடுப்பு நிகழ்ந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பால்க் நகரம் பாழடைந்தே கிடந்தது. இந்துகுஷ் மலையைக் கடப்பதற்கு முன் குந்தூசு அருகே பனி குறையும்வரை சுமார் 40 நாட்கள் காத்திருந்தார். மலையில் ஒட்டகங்கள் பனியில் புதையாதபடி அவற்றின் முன்னே கம்பளித் துணிகளை விரித்து நடத்திச் சென்றனர். இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட அடிமைகள் பலர் குளிரால் இங்கு இறந்ததால் மலைக்கு இப்பெயர் வந்தது என இவர் எழுதியுள்ளார். காபூலுக்கு அப்பால் ஒரு குறுகிய கணவாயில் வழிமறித்த ஆப்கானியருடன் இவரது கூட்டத்தினர் அம்பெய்து போரிட நேர்ந்தது.

இவர் தரும் குறிப்பின்படி 1333 செப்டம்பரில் சிந்து ஆற்றை அடைந்தார். முல்தானில் அந்நியர்களின் பெயர், தோற்றம், வந்த நோக்கம் ஆகியவை பதிவு செய்யப்பட்டுத் தில்லிக்கு அனுப்பப்பட்டன. அபோகர் என்ற ஊரைக் கடந்ததும் 22 பேர் கொண்ட இவரது குழுவை 80 காலாட்களும் 2 குதிரை வீரர்களும் தாக்கினர். இவர் மீதும் ஓர் அம்பு பாய்ந்தது. ஆயினும் காயம் பெரிதாகவில்லை.

தில்லியில் சுல்தான் முகம்மது பின் துக்ளக் இவரைக் காஜியாக நியமித்து, ஆண்டுக்கு 12,000 தினார் ஊதியம் அளித்தார். துக்ளக் வெளிநாட்டு அறிஞர்களுக்கு வாரி வழங்குபவர். அதே வேளையில் சிறு ஐயத்துக்கும் மரண தண்டனை விதிப்பவர். சுல்தானின் பகைமைக்கு ஆளான ஒரு துறவியை இவர் சந்தித்திருந்தார். அதனால் இவரும் காவலில் வைக்கப்பட்டார். விடுதலை பெற்றபின் தம் உடைமைகளைத் துறந்து சிலகாலம் துறவியாக வாழ்ந்தார். பின்னர் சுல்தான் இவரைச் சீனப் பேரரசரிடம் தூதராக அனுப்பினார்.

தூதுக்குழு 1342 இல் புறப்பட்டது. தில்லியிலிருந்து சில நாள் பயணத் தொலைவிலேயே, இன்றைய அலிகர் பகுதியில், இவர் குழுவிலிருந்து பிரிக்கப்பட்டுச் சிறைபிடிக்கப்பட்டார். கொல்லும்படி ஒப்படைக்கப்பட்டவர்களே இவரை விட்டுவிட்டனர். உணவின்றிக் காடுகளிலும் பாழடைந்த ஊர்களிலும் ஒளிந்து திரிந்த இவரை, எட்டாம் நாளில் முன்பின் அறியாத ஒருவர் முதுகில் சுமந்து சென்று காப்பாற்றினார். கோழிக்கோட்டில் புயலால் தூதுக்குழுவின் கப்பல் உடைந்தது. பரிசுப் பொருட்கள் அழிந்தன. இவருடைய உடைமைகள் இருந்த மற்றொரு கப்பல் இவரை விட்டுவிட்டுச் சென்றுவிட்டது. வெறுங்கையுடன் தில்லி திரும்ப அஞ்சிய இவர் மாலத்தீவு சென்று அங்கே காஜியாகப் பணியாற்றினார். அங்குள்ள அரசியல் பூசல்களால் 1344 இல் வெளியேறினார்.

இலங்கையில்

மாலத்தீவிலிருந்து இவர் இலங்கையின் புத்தளம் பகுதியை அடைந்தார். அங்கு ஆரியச் சக்கரவர்த்தி எனப்படும் யாழ்ப்பாண அரசர் இவரை வரவேற்றார். அவர் பாரசீக மொழியைப் புரிந்துகொண்டார் என்றும், முத்துக் குளிப்பில் கிடைத்த முத்துகளைப் பரிசளித்தார் என்றும் இவர் எழுதியுள்ளார். சிவனொளிபாத மலைக்குச் செல்ல இவர் விரும்பியபோது, அரசர் பல்லக்கும் வழித்துணையாக யோகிகளையும் பிராமணர்களையும் அளித்தார். சங்கிலிகளைப் பிடித்து ஏறும் அம்மலைப்பாதையைப் பற்றிய இவரது குறிப்பு புகழ்பெற்றது. மொழியும் சமயமும் வேறான நாட்டில், அந்நாட்டு மன்னரின் ஆதரவால் இவர் பாதுகாப்பாகச் சென்று திரும்பினார்.

தமிழகத்தில்

இலங்கையிலிருந்து புறப்பட்ட இவரது கப்பல் தமிழகக் கரைக்கு அருகே புயலில் சிக்கியது. உடன் வந்தவர்களைத் தெப்பத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, இவர் உடைந்த கப்பலின் பின்பகுதியில் இரவைக் கழித்தார். காலையில் கரையோர மக்கள் படகில் வந்து இவரை மீட்டனர்.

அப்போது தமிழகத்தின் பெரும்பகுதி குழப்பத்தில் இருந்தது. 1311 இல் மாலிக் கபூரின் படையெடுப்பு பாண்டிய அரசை நிலைகுலையச் செய்திருந்தது. பின்னர் தில்லியின் ஆளுநராக இருந்த சலாலுத்தீன் அசன் சா தன்னாட்சி அறிவித்து மதுரை சுல்தானகத்தை நிறுவினார். அரபு நூல்களில் இந்நாடு மாபார் எனப்படுகிறது. அசன் சாவின் மகள் ஒருவரை இப்னு பதூதா தில்லியில் மணந்திருந்தார். அப்போதைய மதுரை சுல்தானான கியாசுத்தீன் தமகானி அப்பெண்ணின் சகோதரியை மணந்தவர். இந்த உறவால் கரையொதுங்கிய பயணி சுல்தானின் பாளையத்துக்கு மரியாதையுடன் அழைத்துச் செல்லப்பட்டார். மாலத்தீவின் மீது படையெடுக்கும் திட்டத்தையும் இருவரும் பேசினர்.

மதுரை நோக்கிய வழியில் காடுகளை வெட்டிப் பாதை அமைத்துக்கொண்டு படை சென்றது. காட்டில் அகப்பட்ட மக்கள் அனைவரும் சிறைபிடிக்கப்பட்டனர். கூர்மையாக்கப்பட்ட மரக்கழுக்களை அவர்களே சுமந்து வரச் செய்து, மறுநாள் காலையில் பாளையத்தின் வாயில்களில் அவர்களைக் கழுவேற்றினர். பெண்களும் குழந்தைகளும் கூடக் கொல்லப்பட்டனர். ஒருநாள் இவர் சுல்தானுடன் உணவருந்திக்கொண்டிருந்தபோது ஒருவரும் அவர் மனைவியும் ஏழு வயது மகனும் அங்கே கொல்லப்பட்டனர். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தகைய கொடுமையை வேறு எந்த அரசனிடமும் தாம் கண்டதில்லை என்றும், சுல்தானின் விரைவான மரணம் இதற்கு இறைவன் அளித்த தண்டனை என்றும் இவர் பதிவு செய்துள்ளார். சுல்தான் இவரது உறவினர், விருந்தோம்பியவர், ஒரே சமயத்தவர் என்பதைக் கருதும்போது இச்சான்றின் மதிப்பு உயர்கிறது.

போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் கண்ணனூர்க் கொப்பம் பகுதியில் நடந்த போரில் தோற்றுச் சிறைபட்டுக் கொல்லப்பட்ட செய்தியையும் இவர் தருகிறார். முதியவரான அம்மன்னரின் தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததை இவர் நேரில் கண்டார்.

மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டவர்கள் இரண்டு மூன்று நாட்களில் இறந்தனர். நலமாக இருந்ததாக எண்ணி இவர் வாங்கிய அடிமைப் பெண் ஒருத்தி மறுநாளே இறந்தாள். சுல்தானின் மகனும் தாயும் மனைவியும் இறந்தனர். பின்னர் சுல்தானும் இறந்தார். இவரையும் கடும் காய்ச்சல் பற்றியது. அந்நாட்டில் மிகுதியாகக் கிடைத்த புளியை நீரில் கரைத்துக் குடித்ததாகவும், மூன்று நாட்கள் வயிறு கழிந்தபின் நலம் பெற்றதாகவும் இவர் எழுதியுள்ளார்.

புதிய சுல்தானிடம் விடைபெற்று இவர் பத்தன் என்று குறிப்பிடும் துறைமுகத்திலிருந்து கப்பலேறினார். இத்துறைமுகம் எது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கொல்லத்தில் மூன்று மாதம் தங்கிய பின் மேற்குக் கரையில் கடற்கொள்ளையர் இவரது கப்பலைத் தாக்கினர். இலங்கை அரசர் அளித்த மணிகள் உட்பட அனைத்தும் பறிபோயின. அணிந்திருந்த காற்சட்டையுடன் இவர் கோழிக்கோட்டின் பள்ளிவாசல் ஒன்றில் அடைக்கலம் புகுந்தார்.

மதுரை சுல்தானகம் 1370களில் விசயநகரப் படையெடுப்பால் முடிவுக்கு வந்தது. விசயநகர இளவரசர் குமார கம்பணரின் மனைவி கங்காதேவி இயற்றிய மதுரா விசயம் என்னும் வடமொழிக் காவியம் அவ்வெற்றியைப் பாடுகிறது. ஆட்சியின் முடிவை வென்றவர் பக்கத்திலிருந்து அக்காவியம் கூறுகிறது. அதன் உட்புறத்தை விருந்தினராக இருந்து இப்னு பதூதா கூறுகிறார்.

சீனாவும் தாயகம் திரும்பலும்

மீண்டும் மாலத்தீவு சென்று தம் சிறு மகனைக் கண்டு, அவனை அங்கேயே விட்டுவிட்டு, வங்காளம், சுமாத்திரா வழியாக இவர் சீனா சென்றார். சீனாவைப் பயணிகளுக்கு மிகவும் பாதுகாப்பான நாடாக இவர் கருதினார். ஒவ்வொரு விடுதியிலும் இரவில் பயணிகளின் பெயர்கள் எழுதப்பட்டுக் கதவு பூட்டப்பட்டது. காலையில் பெயர் சரிபார்க்கப்பட்டு, அடுத்த விடுதிவரை துணை அனுப்பப்பட்டது. அவர்கள் நலமாகச் சேர்ந்ததற்கான சான்றும் பெறப்பட்டது. ஆயினும் அந்நாட்டுப் பழக்கவழக்கங்கள் இவருக்கு ஒவ்வவில்லை. தேவையின்றி வீட்டைவிட்டு வெளியே செல்வதையே தவிர்த்தார்.

திரும்பும் வழியில் 1348 இல் சிரியா, எகிப்து ஆகிய நாடுகளில் கறுப்புச் சாவு எனப்படும் பெருங்கொள்ளைநோயைக் கண்டார். தந்தை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இறந்த செய்தி டமாஸ்கசில் கிடைத்தது. 1349 இல் மொரோக்கோவை அடைவதற்குச் சற்று முன் தாயும் அந்நோயால் இறந்துவிட்டதை அறிந்தார்.

சகாராவும் மாலியும்

எசுப்பானியாவின் கிரனாடா வரை சென்று வந்தபின், 1352 இல் இவர் சிசில்மாசாவிலிருந்து சகாரா பாலைவனத்தைக் கடக்கப் புறப்பட்டார். தகாசா என்ற ஊரில் வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன. அதற்கப்பால் கூட்டத்துக்கு முன்னே தனியாகச் சென்று, தண்ணீருடன் எதிர்கொள்ளுமாறு வலாத்தா நகரத்தாருக்குச் செய்தி சொல்லும் வழிகாட்டி ஒருவருக்கு 100 மிசுக்கால் பொன் கூலியாகத் தரப்பட்டது. அவர் வழி தவறினால் முழுக் கூட்டமும் அழிய நேரும். உறவினருடன் சண்டையிட்டுக் கூட்டத்திலிருந்து பின்தங்கிய ஒருவர் பாலைவனத்தில் காணாமற்போனார்.

ஆனால் வலாத்தாவைக் கடந்து மாலி நாட்டுக்குள் நுழைந்ததும் கூட்டமே தேவைப்படவில்லை. வழிகாட்டியுடனும் மூன்று தோழர்களுடனும் இவர் தலைநகர் சென்றார். மாலியில் பயணிகளோ உள்ளூராரோ திருடருக்கு அஞ்ச வேண்டியதில்லை என்றும், அங்கு இறந்த அயலாரின் பொருளை உரியவர் வரும்வரை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துக் காத்தனர் என்றும் இவர் பாராட்டுகிறார். அதே வேளையில் மன்சா சுலைமானின் கஞ்சத்தனத்தைக் குறைகூறத் தவறவில்லை. திரும்பி வரும்போது 600 அடிமைப் பெண்களைக் கொண்டுசென்ற வணிகக் கூட்டத்துடன் வந்தார். அடிமை வணிகத்தை அக்காலத்தவர் பலரைப் போல இவரும் இயல்பானதாகவே ஏற்றார்.

பயண நூல்

மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி, இப்னு பதூதா சொல்லச் சொல்ல, கிரனாடாவைச் சேர்ந்த எழுத்தாளர் இப்னு சுசய் நூலை எழுதினார். 1355 இறுதியில் நூல் நிறைவுற்றது. இது பொதுவாக ரிகலா, அதாவது பயணம், என்று அழைக்கப்படுகிறது. பிற்காலத்தில் அல்சீரியாவில் கிடைத்த கையெழுத்துப் படிகளைக் கொண்டு, தெப்ரமெரி, சாங்கினெத்தி ஆகிய பிரெஞ்சு அறிஞர்கள் 1853–1858 இல் அரபு மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் நான்கு தொகுதிகளாக வெளியிட்டனர். ஆமில்டன் கிப் தொடங்கிய ஆங்கில மொழிபெயர்ப்பின் நான்காம் தொகுதியை அவருக்குப் பின் பெக்கிங்காம் 1994 இல் நிறைவு செய்தார்.

நம்பகத்தன்மை

இந்தியா பற்றிய இவரது கதைகளை மொரோக்கோ அரசவையில் பலர் நம்பவில்லை. வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் தாமும் ஐயம் கொண்டிருந்ததையும், காணாத ஒன்றை இயலாதது என்று தள்ளிவிடக்கூடாது என ஓர் அமைச்சர் தமக்கு அறிவுறுத்தியதையும் குறிப்பிட்டுள்ளார். தற்கால ஆய்வாளர்கள் நூலின் சில பகுதிகளை ஏற்பதில்லை. வோல்கா ஆற்றங்கரைப் பல்கார் நகரப் பயணம், பெய்சிங் பயணம் ஆகியவை ஐயத்துக்குரியவை. மக்கா, டமாஸ்கஸ் பற்றிய வருணனைகளில் முந்தைய பயணியான இப்னு சுபைரின் நூலிலிருந்து எடுத்த பகுதிகள் உள்ளன. ஆண்டுக் கணக்குகளும் பல இடங்களில் பொருந்தவில்லை. ஆயினும் தில்லி, மாலத்தீவு, மதுரை, மாலி பற்றிய பகுதிகள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

மதிப்பீடு

இப்னு பதூதாவின் வாழ்க்கை ஒரு நாட்டின் பெயருக்கும் அங்குள்ள உண்மையான ஆபத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் காட்டுகிறது. பாலைவனத்துக்கு அப்பாலிருந்த மாலியில் இவர் அச்சமின்றி நடந்தார். வேற்றுச் சமயத்தவரின் மலையில் பல்லக்கில் சென்றார். பேரரசு ஒன்றின் தலைநகருக்கு அருகிலேயே, அரச தூதராக இருந்தபோது, உயிரை இழக்கும் நிலைக்கு வந்தார். உறவினரின் அரசவையிலேயே மிகக் கொடிய காட்சிகளைக் கண்டார். இவரைக் காத்தவை ஆயுதங்கள் அல்ல. கரையில் மீட்ட படகோட்டிகள், முதுகில் சுமந்த வழிப்போக்கர், மடங்களில் உணவிட்டவர்கள் எனப் பெயர் அறியப்படாத பலரின் உதவியே இவரைக் காத்தது.

இறுதிக் காலம்

நூல் நிறைவுற்றபின் இவர் மொரோக்கோவில் ஓர் ஊரின் காஜியாகப் பணியாற்றி, 1368 அல்லது 1369 இல் மறைந்தார். தாஞ்சியர் நகரின் வானூர்தி நிலையத்துக்கும் நிலவின் மேற்பரப்பிலுள்ள பள்ளம் ஒன்றுக்கும் இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.